சம்பளத்தில் பிடித்த வரி 26ஏஎஸ்-இல் காணோம்: மறுபடி நான் கட்ட வேண்டுமா?

மலையேறி எழுதியது:

வணக்கம். ஏற்காட்டில் ஒரு ரிசார்ட்டில் மேனேஜராக இருக்கிறேன். வீடு கன்னங்குறிச்சியில். சீசன் இல்லாத நாட்களில் பஸ்ஸில் போய் வருவேன், மே மாதம் முழுக்க மேலேயே தங்கிவிடுவேன். தலைமை அலுவலகமும் கணக்குப் பிரிவும் கீழே சேலத்தில். அறை, சமையல், தோட்டம், வருகிற விருந்தாளி எல்லாம் என் பொறுப்பு. கணக்கு மட்டும் என் கைக்கு வருவதில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை என் சம்பளம் மாதம் 78,000. புதிய வரி முறை. ஒவ்வொரு சம்பளச் சீட்டிலும் டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வருமான வரி) 3,130, பிஎஃப் 1,800 கழித்து, வங்கிக் கணக்கில் 73,070 வரவு வைத்தார்கள். தொழில் வரி பிடிக்கும் மாதங்களில் அதிலும் கொஞ்சம் குறையும். ஆக, ஆண்டு முழுக்க டிடிஎஸ் மட்டும் 37,560 ரூபாய்.

மகள் இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். கல்விக் கடனுக்கு வங்கியில் ஃபார்ம் 16 (முதலாளி தரும் வரிப்பிடித்தச் சான்றிதழ்) கேட்டார்கள். ஜூன் 15-க்குள் தர வேண்டியது, ஜூலை கடைசி வரை வரவில்லை. நான் விடாமல் கேட்டபிறகு அலுவலக லெட்டர்பேடில் டைப் செய்து, சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு ஒன்று கொடுத்தார்கள். அதில் 37,560 பிடித்தம் செய்யப்பட்டு அரசுக்குச் செலுத்தப்பட்டது என்று தெளிவாக இருக்கிறது. வங்கி அதிகாரி அதைப் பார்த்ததும், "இதில் சர்டிபிகேட் நம்பரே இல்லையே மேடம், உங்க 26ஏஎஸ் எடுத்துட்டு வாங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து வருமான வரி போர்ட்டலில் நுழைந்து, என் பெயரில் அரசுக்கு வந்த வரியைக் காட்டும் அந்த 26ஏஎஸ் ஏட்டைப் பார்த்தேன். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இரண்டு காலாண்டுக்கு 18,780 ரூபாய் இருக்கிறது. அக்டோபர் முதல் மார்ச் வரை ஒரு வரிகூட இல்லை. அதாவது இன்னொரு 18,780 என் சம்பளத்திலிருந்து போயிருக்கிறது, அரசு ஏட்டில் வரவில்லை.

கணக்குப் பிரிவில் கேட்டால் முதலில் "போர்ட்டல் பிரச்சினை" என்றார்கள். அடுத்து "ஆடிட்டர் ஊரில் இல்லை". இப்போது "முதலாளியிடம் பேசுங்க". முதலாளியைப் பற்றி நான் கெட்டதாக எதுவும் சொல்ல மாட்டேன். கொரோனா சமயத்தில் ஒரு அறைகூட விற்காத மாதங்களிலும் எல்லாருக்கும் பாதிச் சம்பளம் போட்டவர். என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது தானாக வந்து முன்பணம் கொடுத்தவர். ஆனால் போன வருடம் புதிதாகக் கட்டிடம் எழுப்பக் கடன் வாங்கியிருக்கிறார், இரண்டு சீசனாகக் கூட்டமும் சரியில்லை. அதனால் எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்காக மட்டும் என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். எங்களிடம் அறை சுத்தம் செய்கிறவர்கள், தோட்ட வேலைக்காரர்கள் எல்லாரும் நாகலூர், வெள்ளக்கடைப் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள். மாதம் 14,000 வாங்குகிறவர்கள். அவர்களுக்கு வருமான வரி இல்லை, ஆனால் பிஎஃப்-உம் இஎஸ்ஐ-யும் பிடிக்கிறார்கள். என் வரி விஷயம் தெரிந்தபிறகு ஒரு சந்தேகத்தில் என்னுடைய பிஎஃப் பாஸ்புக்கைப் பார்த்தேன். ஜனவரி சம்பளத்திலிருந்து எதுவும் ஏறவில்லை. என்னுடையது ஏறவில்லை என்றால் அவர்களுடையது மட்டும் ஏறியிருக்குமா?

நான் தெரிந்துகொள்ள வேண்டியது: 2025 செப்டம்பர் 15-க்குள் ரிட்டர்ன் போட வேண்டும், அதில் 37,560 என்று எழுதலாமா, 18,780 என்றுதான் எழுத வேண்டுமா? வராத பணத்தை நானே மறுபடி கட்ட வேண்டிவருமா? புகார் கொடுத்தால் என் பெயர் வெளியே வருமா? அந்தப் பெண்களுக்கு நான் என்ன சொல்வது?


சூரமங்கலம் 5 எழுதியது:

மேடம், நான் ஐடி கம்பெனியில் இருக்கிறேன், இந்த மாதிரி கதை நண்பர்கள் வட்டத்தில் நிறைய கேட்டிருக்கிறேன். என் யோசனை நடைமுறைக்கானது. 26ஏஎஸ்-இல் இருக்கிற 18,780-ஐ மட்டும் காட்டி, மீதியைச் சுயமதிப்பீட்டு வரியாக நீங்களே கட்டிவிட்டு ரிட்டர்னை முடியுங்கள். மொத்த வரியே 37,540 பக்கம்தான் வரும், நீங்கள் கட்ட வேண்டியது 18,760 சொச்சமும் கொஞ்சம் வட்டியும். நோட்டீஸ், பதில், மறுபடி நோட்டீஸ் என்று அலைகிற மன உளைச்சலுக்கு இது மேல். முதலாளியிடமிருந்து அந்தப் பணத்தைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக்கும் சுத்தமான ரிட்டர்ன் கிடைக்கும், மகள் கடன் நிற்காது.


ஓமலூர் ரோடு கணக்கர் எழுதியது:

சகோதரி, வரி ஆலோசகராக இருக்கிறேன். மேலே நண்பர் சொன்னதில் நல்ல எண்ணம் இருக்கிறது, ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களிடமிருந்து ஒருமுறை வாங்கியாகிவிட்டது. அதை இரண்டாவது முறை கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

வருமான வரிச் சட்டம் 1961-இல் பிரிவு 205 என்று ஒன்று இருக்கிறது. சம்பளத்திலிருந்து வரி பிடிக்கப்பட்டுவிட்டால், பிடித்த அளவுக்கு அந்த ஊழியரிடம் நேரடியாக வரி கேட்கக் கூடாது என்கிறது. பிடித்தவர் கட்டினாரா, கட்டவில்லையா என்பது அவருக்கும் துறைக்கும் இடையிலான விவகாரம். நேரடி வரிகள் மத்திய வாரியமும் 2015 ஜூன் 1 தேதியிட்ட கடிதத்தில் இதை அதிகாரிகளுக்குச் சொன்னது. அப்புறமும் கீழே ஊழியர்களுக்கு நோட்டீஸ் போய்க்கொண்டிருந்ததால் 2016 மார்ச் 11 அன்று மறுபடி வலியுறுத்தியது. மூழ்கிப்போன கிங்ஃபிஷர் விமான நிறுவனத்தில் விமானியாக இருந்த ஒருவர் இதே பிரச்சினையோடு குஜராத் உயர் நீதிமன்றம் போனார். நிறுவனம் பிடித்த வரியைக் கட்டவே இல்லை. 2021-இல் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது.

ஆகவே பிடிக்கப்பட்டது என்பதை நிரூபிப்பதுதான் உங்கள் வேலை. கட்டப்பட்டது என்பதை நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. இந்த வித்தியாசத்தை மனதில் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வரும்.

உங்களிடம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பன்னிரண்டு சம்பளச் சீட்டு. அதில் 78,000 மொத்தம், 3,130 டிடிஎஸ். வங்கிக் கணக்கில் மாதாமாதம் 73,070 வரவு. இரண்டும் பொருந்துகிறது. அப்புறம், வங்கி வேண்டாம் என்ற அந்த லெட்டர்பேட் காகிதம். சரியான ஃபார்ம் 16-இன் முதல் பகுதி ட்ரேசஸ் என்ற வரித் துறையின் டிடிஎஸ் தளத்திலிருந்து இறக்கப்பட்டதாக, சான்றிதழ் எண்ணோடு இருக்க வேண்டும். அந்த வகையில் உங்களிடம் இருப்பது செல்லாதுதான். ஆனால் தயவுசெய்து அதைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். "37,560 பிடித்தோம்" என்று முதலாளி தரப்பே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்புதல் அது. பிரிவு 205-க்கு அதைவிட நல்ல ஆதாரம் எனக்குத் தெரியாது. "வேற போட்டுத் தர்றோம், பழசைக் கொடுங்க" என்று கேட்டால் நகலைக் கொடுங்கள்.

சண்டைக்குப் போகும் முன் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். 26ஏஎஸ்-இல் காணோம் என்றால் பணம் கட்டவில்லை என்றுதான் அர்த்தம் என்று இல்லை. முதலாளி பணத்தை சலான் மூலம் கட்டுவது ஒரு வேலை. யார் யாருக்காகக் கட்டினோம் என்று பான் எண்ணோடு 24கியூ என்ற காலாண்டு அறிக்கை போடுவது இன்னொரு வேலை. சலான் கட்டி அறிக்கை போடவில்லை என்றாலும் உங்கள் ஏட்டில் வராது. பான் எண்ணில் ஒரு எழுத்து மாறினாலும் வராது. இந்த இரண்டும் திருத்தக்கூடியவை. அதனால் "பணம் கட்டினீர்களா" என்று கேட்காதீர்கள், "ஆமாம்" என்று சொல்லிவிடுவார்கள். சலானில் இருக்கும் பிஎஸ்ஆர் கோடு (வங்கிக் கிளையின் எண்), சலான் எண், தேதி மூன்றையும் கேளுங்கள். அந்தந்த மாத வரியை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30. அக்டோபர்–டிசம்பர் அறிக்கைக்குக் கடைசி நாள் ஜனவரி 31, ஜனவரி–மார்ச் அறிக்கைக்கு மே 31. எல்லாமே தாண்டிவிட்டது.

ரிட்டர்னில் முழு 37,560-ஐயும் எழுதுங்கள். சம்பளத்தை 9,36,000 என்று முழுதாகக் காட்டுங்கள், கைக்கு வந்ததை மட்டும் காட்டினால் உங்கள் நியாயமே பலவீனமாகிவிடும். டிடிஎஸ் அட்டவணையில் முதலாளியின் டான் எண்ணும் (வரி பிடிப்பவருக்கான எண்) பிடித்த முழுத் தொகையும். செப்டம்பர் 15-ஐத் தவறவிடாதீர்கள், தாமதக் கட்டணம் உங்கள் வருமானத்துக்கு 5,000.

அதன்பிறகு நடக்கப்போவதையும் மறைக்காமல் சொல்கிறேன். பெங்களூரில் இருக்கும் மையத்தில் கம்ப்யூட்டர்தான் ரிட்டர்னைப் பார்க்கும். அதற்குப் பிரிவு 205 தெரியாது, 26ஏஎஸ் மட்டும்தான் தெரியும். 18,780 பொருந்தவில்லை என்று வட்டியோடு ஒரு டிமாண்ட் (வரி கேட்கும் நோட்டீஸ்) வரலாம். பயந்து கட்டிவிடாதீர்கள், பேசாமலும் இருந்துவிடாதீர்கள். போர்ட்டலில் நிலுவை டிமாண்டுக்குப் பதில் அளிக்கும் இடத்தில் "ஏற்கவில்லை" என்று போட்டு, காரணத்தை எழுதி, சீட்டுகளை இணையுங்கள். பதில் போடாவிட்டால் பின்னால் வரும் ரீஃபண்டில் கழித்துக்கொள்வார்கள். கூடவே உங்கள் மதிப்பீட்டு அதிகாரிக்குப் பிரிவு 205-ஐயும் வாரியத்தின் இரண்டு கடிதங்களையும் குறிப்பிட்டு ஒரு மனு. நம் ஊர் அலுவலகம் காந்தி ரோட்டில்தான் இருக்கிறது, நேரில் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொரு நுணுக்கம். துறை உங்களிடம் வரி கேட்பதைத்தான் பிரிவு 205 தடுக்கிறது. அரசுக்கு வராத பணத்தை உங்களுக்கு ரீஃபண்டாகத் தருவது வேறு விஷயம், அது இழுபறியாகும். உங்கள் கணக்கில் வரியும் பிடித்தமும் ஏறக்குறைய சமம், ரீஃபண்ட் இருபது ரூபாய்தான். அந்த வகையில் உங்கள் நிலை பலமானது.

சூரமங்கலம் நண்பருக்கு: நீங்கள் சொல்கிறபடி கட்டிவிட்டு, முதலாளி அடுத்த வருடம் அந்தப் பணத்தைக் கட்டினால், கூடுதலாகப் போனதைத் திரும்பக் கேட்கத் திருத்திய ரிட்டர்ன் போட வேண்டும். அதற்கு 2025 டிசம்பர் 31 வரைதான் நேரம். அதற்குமேல் நீண்ட வழி.


சங்ககிரிக்காரர் எழுதியது:

அம்மணி, நான் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன். லாரிப் பட்டறை வைத்திருக்கிறேன், ஆட்களுக்குச் சம்பளம் போடுகிறவன். உங்கள் முதலாளியைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்து மனது கனத்துவிட்டது. நல்ல மனுஷன்தான், சந்தேகமில்லை. ஆனால் ஆட்களிடம் பிடித்த பணம் நம்முடையது இல்லை. கடன் தவணைக்கும் அதைத் தொடக் கூடாது, கரண்ட் பில்லுக்கும் தொடக் கூடாது. என் பட்டறையில் சம்பளம் போடுகிற அன்றைக்கே பிடித்தத்தைத் தனிக் கணக்குக்கு மாற்றிவிடுவோம், அதில் நானே கை வைக்க முடியாது.

அவரிடம் பேசும்போது நன்றியோடு பேசுங்கள், ஆனால் கணக்கோடு போங்கள். அக்டோபரில் பிடித்த பணத்துக்கு இந்த ஆகஸ்டில் கட்டினால் மாதம் ஒன்றரை விழுக்காடு வீதம், மாதத்தில் ஒரு பகுதியும் முழு மாதம் என்று எடுத்துக்கொண்டு, 16.5 விழுக்காடு வட்டி. அறிக்கை தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய். ஃபார்ம் 16 தராததற்கு நாளொன்றுக்கு 500, அதுவும் ஒவ்வொரு ஆளுக்கும். இதெல்லாம் போக, பிடித்ததைக் கட்டாமல் இருந்தால் மூன்று மாதம் முதல் ஏழு வருடம் வரை கடுங்காவல் என்று சட்டம் சொல்கிறது. காலாண்டு அறிக்கைக்கான கடைசி நாளுக்குள் கட்டிவிட்டால் வழக்கு இல்லை என்று 2024 அக்டோபரிலிருந்து ஒரு சலுகை வந்திருக்கிறது, ஆனால் இவருக்கு அந்த நாளும் போய்விட்டது. வங்கிக் கடன் வட்டியைவிட இது பெரிய வட்டி என்று அவருக்கே புரியும். எந்த ஆடிட்டரும் இதை அவரிடம் மெதுவாகத்தான் சொல்வார். உங்களைப் போன்ற ஆள் நேரே சொன்னால் உறைக்கும்.

வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். பேசி முடித்த அன்றைக்கே, "இன்று பேசியபடி இந்தத் தேதிக்குள் சலான் விவரம் தருவதாகச் சொன்னீர்கள், நன்றி" என்று ஒரு ஈமெயில். மரியாதையான ஈமெயில். நாளைக்கு அதுவே உங்களுக்கு ஆதாரம்.

தொழில் வரியையும் சும்மா ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அரையாண்டுக்கு அதிகபட்சம் 1,250 ரூபாய்தான், உள்ளாட்சி அமைப்பு ரசீது கொடுக்கும்.


நாகலூர் பஸ் எழுதியது:

அக்கா, நான் மலைக்காரன். எஸ்டேட்டில் வேலை பார்த்து, இப்போது தொழிற்சங்க வேலையில் இருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றதைக் கணக்கர் அண்ணன் நன்றாகச் சொல்லிவிட்டார்.

உங்கள் 18,780 பெரிய தொகைதான், ஆனால் உங்களுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது, போர்ட்டல் பார்க்கத் தெரிகிறது. 14,000 வாங்குகிற அந்த அக்காமாருக்கு மாதம் 1,680 ரூபாய் பிஎஃப் என்று போகிறது. முதலாளி பங்கும் அதே அளவு சேர வேண்டும். முதலாளி பங்கில் சம்பளத்தின் 8.33 விழுக்காடு ஓய்வூதியத்துக்குப் போகிறது. கணக்கில் விட்டுப்போன மாதங்கள் பின்னால் ஓய்வூதியச் சேவைக் காலத்தில் தகராறாக வந்து நிற்கும். அதைவிட எனக்குப் பெரிய கவலை இன்னொன்று. பிஎஃப்-இல் இருப்பவர் வேலையில் இருக்கும்போதே இறந்துவிட்டால் குடும்பத்துக்கு இடிஎல்ஐ காப்பீட்டில் 7 லட்சம் வரை கிடைக்கும். பங்களிப்பு நின்றுபோன கணக்கு என்றால் துக்க வீட்டுக்காரர்கள் அந்தப் பணத்துக்கு அலைய வேண்டியிருக்கும். இஎஸ்ஐ-யிலும் அப்படித்தான். உடம்பு சரியில்லாத நாட்களுக்குச் சம்பளத்துக்குப் பதில் பணம் வாங்க வேண்டுமானால் அதற்குரிய முந்தைய பங்களிப்பு அரையாண்டில் 78 நாட்களுக்காவது பங்களிப்பு இருக்க வேண்டும். பிரசவத்துக்கும் வயிற்று ஆபரேஷனுக்கும் நம் மலைப்பெண்கள் நம்பியிருப்பது அந்த அட்டையைத்தான்.

முதலில் அவர்கள் ஒவ்வொருவர் போனிலும் உமாங் என்ற அரசுச் செயலியில் யுஏஎன் எண் (பிஎஃப் உறுப்பினர் எண்) போட்டுப் பாஸ்புக் திறந்து காட்டுங்கள். நிறையப் பேருக்கு யுஏஎன் உயிர்ப்பிக்கப்பட்டே இருக்காது, ஆதாரில் ஒரு பெயர், பிஎஃப்-இல் ஒரு பெயர் என்று இருக்கும். போனில் சிக்னல் கிடைக்கிற இடமாகப் பார்த்து உட்காருங்கள், ஒண்டிக்கடைப் பக்கம் வந்தால் நானே உதவுகிறேன்.

மாதச் சம்பளத்துக்கான பிஎஃப்-ஐ அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டவில்லை என்றால் வருங்கால வைப்பு நிதி அமைப்பின் குறைதீர் தளத்தில் யுஏஎன் எண்ணோடு புகார் போடலாம். சேலத்திலேயே மண்டல அலுவலகம் இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 27-ஆம் தேதி மாவட்டந்தோறும் 'நிதி ஆப்கே நிகட்' என்று குறைதீர் முகாம் நடத்துகிறார்கள், நேரிலும் போகலாம். அதிகாரிக்கு விசாரித்து நிலுவையைத் தீர்மானிக்கும் அதிகாரம் இருக்கிறது, 12 விழுக்காடு வட்டியோடு வசூலிப்பார்கள், கணக்கை முடக்கவும் முடியும். ஊழியரிடம் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொள்வது நம்பிக்கை மோசடிக் குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் இருக்கிறது.

பெயர் வெளியே வருமா என்று கேட்டீர்கள். இருபது முப்பது பேர் வேலை செய்கிற இடத்தில் யார் எழுதியது என்று ஊகித்துவிடுவார்கள் அக்கா, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அதனால்தான் நாங்கள் எப்போதும் ஒருவர் பெயரில் போக மாட்டோம். பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுச் சங்கம் வழியாகப் போனால் யாரைத் தனியாக வெளியே அனுப்புவார்கள்?


ஓமலூர் ரோடு கணக்கர் எழுதியது:

வரித் துறைப் புகாருக்கு இதோடு ஒன்று சேர்க்கிறேன். போர்ட்டலில் "டான் விவரம் அறிக" என்ற இடத்தில் முதலாளியின் எண்ணைப் போட்டால் எந்த டிடிஎஸ் அதிகாரியின் எல்லைக்குள் வருகிறது என்று காட்டும். அவருக்கு எழுதலாம். அதே போர்ட்டலில் வரி ஏய்ப்புப் புகார் பகுதியும் இருக்கிறது, லாகின் இல்லாமலும் போடலாம். ஆனால் உங்கள் விஷயத்தில் சங்ககிரிக்காரர் சொன்னபடி முதலில் பேசிப் பார்ப்பதில் தவறில்லை. ரிட்டர்ன் தேதிக்கு இன்னும் நாள் இருக்கிறது.


மலையேறி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கிற யாருக்காவது உதவும்.

முதலாளியைக் கீழே அலுவலகத்தில் பார்த்தேன். 26ஏஎஸ் பிரிண்ட், சம்பளச் சீட்டுகள், பிஎஃப் பாஸ்புக் எல்லாம் மேசையில் வைத்தேன். சலான் எண்கள் வேண்டும் என்று கேட்டதும் கணக்காளரைக் கூப்பிட்டார். கணக்காளர் கொண்டுவந்து காட்டியதில், அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான பணம் தாமதமாக, மார்ச் மாதம் கட்டப்பட்டிருக்கிறது. அறிக்கை மட்டும் போடவில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை பணமே கட்டவில்லை. முதலாளி அதை மறைக்கவில்லை. கட்டிடக் கடனுக்குத் திருப்பியதாகவும் சீசன் முடிந்ததும் கட்டிவிடலாம் என்று நினைத்ததாகவும் சொன்னார். வட்டிக் கணக்கைச் சொன்னேன், அமைதியாகக் கேட்டுக்கொண்டார். பிஎஃப் பற்றிப் பேசும்போதுதான் எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "சார், என் பணம் இருக்கட்டும். பத்து வருஷமா உங்க அறையைக் கூட்டிப் பெருக்கற பொம்பளைங்க காசு அது" என்றேன். அவர் தலைநிமிரவில்லை.

அன்று இரவே ஈமெயில் அனுப்பினேன், அவரும் பதில் எழுதினார். அக்டோபர்–டிசம்பர் அறிக்கை போட்டுவிட்டார்கள். ஒரு வாரம் பத்து நாளில் 26ஏஎஸ்-இல் 9,390 ஏறிவிட்டது. மீதி 9,390 இன்னும் இல்லை. ரிட்டர்னில் கணக்கர் அண்ணன் சொன்னபடி முழு 37,560 போட்டுத் தாக்கல் செய்துவிட்டேன். வங்கியில் விஷயத்தை விளக்கி, ரிட்டர்ன் ஒப்புகையும் சம்பளச் சீட்டுகளும் கொடுத்தேன். கடன் விண்ணப்பத்தை நிராகரிக்காமல் பரிசீலனையில் வைத்திருக்கிறார்கள்.

நாகலூர் பஸ் தம்பி சொன்னபடி பெண்களின் போனில் பாஸ்புக் திறந்தோம். எல்லாருக்கும் ஜனவரியிலிருந்து காலிதான். இரண்டு பேருக்கு யுஏஎன் உயிர்ப்பிக்கவே இல்லை, ஒருவருக்குப் பிறந்த தேதி தப்பு. தன் கணக்கில் இதுவரை எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று முதல்முறையாகப் பார்த்த ஒரு அக்கா, "இது நெசமாவே எனக்குத்தானா?" என்று கேட்டார். முதலாளி ஜனவரி, பிப்ரவரி மாதங்களுக்குக் கட்டியிருக்கிறார், மீதியை அடுத்த மாதம் 15-க்குள் கட்டுவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தத் தேதி தாண்டினால் எல்லாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட புகார் போகும். மனு தயாராக இருக்கிறது, அவருக்கும் அதைச் சொல்லிவிட்டேன்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. ஜனவரி–மார்ச் பணத்தை இனிமேல் கட்டினால், ஏற்கெனவே போட்ட ரிட்டர்னை நான் மாற்ற வேண்டுமா?


ஓமலூர் ரோடு கணக்கர் எழுதியது:

மாற்ற வேண்டியதில்லை சகோதரி. முழுத் தொகையையும் நீங்கள் ஏற்கெனவே கோரியிருக்கிறீர்கள். நடுவில் டிமாண்ட் வந்தால் "ஏற்கவில்லை" என்று பதில் போட்டுவிட்டு, 26ஏஎஸ்-இல் பணம் ஏறியதும் பிரிவு 154-இல் திருத்த மனு போட்டு, ரிட்டர்னை மறுபடி பரிசீலிக்கச் சொல்லுங்கள். முதலாளி பணத்தைக் கட்டியதோடு நின்றுவிடக் கூடாது, ஜனவரி–மார்ச் 24கியூ அறிக்கையில் உங்கள் பான் சரியாக இருக்க வேண்டும், அதைப் போடும் முன் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். அறிக்கை ஏறியபிறகு ட்ரேசஸ்-இலிருந்து சரியான ஃபார்ம் 16 இறக்கித் தரச் சொல்லி வங்கிக்குக் கொடுங்கள். இந்த 2025–26 நிதியாண்டில் உங்கள் சம்பளத்துக்கு டிடிஎஸ் பிடிக்கவே தேவையில்லை, புதிய முறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை தள்ளுபடியில் போய்விடும். ஏப்ரலிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று சீட்டைப் பாருங்கள், பிடித்தால் நிறுத்தச் சொல்லுங்கள்.


மலையேறி எழுதியது:

பார்த்தேன். ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் 3,130 பிடித்திருக்கிறார்கள். நாளைக் காலை கீழே போகிறேன்.